கடைசிப் பெட்டி வந்தால்தான் வண்டி வந்த கணக்கு

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கார்டம்மா போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து கால் மயிரைச் சிரைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், மாந்தோப்புக்காரன். காலில் மயிர் இல்லையென்றால் சைக்கிளிலிருந்து விழுந்து தோல் வழண்டாலும் மருந்து போடச் சுலபம் என்று பந்தயக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. ஆனால் கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு விவசாயி செய்கிற காரியமில்லை. அதனால்தான் மோட்டார் ரூமுக்குப் பின்னால்.

இடது கால் முடிந்திருந்தது. வலது காலில் நுரை. பேசியது எங்கள் ஓட்டக் குழுப் பையன். "அண்ணா, கார்டம்மா..." என்றான். டெங்குக் காய்ச்சல் என்று ஆறு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார், தேறிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். நுரையைத் துடைத்துக்கொண்டு, வேட்டியைக் கட்டிக்கொண்டு கல்பாத்தியில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு கால் வழவழ, ஒரு கால் கரடி. அந்தக் கோலத்தில்தான் அவருக்குக் கடைசி வணக்கம் சொன்னேன். அவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

அங்கே கூடியிருந்தவர்கள் சிரிக்கவில்லை. அது முறைதான். ஆனால் அவர்கள் பேசிய பேச்சு முறையில்லை. வாசலில் நின்ற ஒருவர் சொன்னார், "ஐம்பத்தேழு வயசில ஓட்டம் என்ன வேண்டிக் கிடக்கு? ஒடம்பு தாங்குமோ?" இன்னொருவர், "நீச்சல் வேற, சைக்கிள் வேற!" அவருடைய அண்ணா, எழுபது வயதுக்காரர், நாற்காலியில் உட்கார்ந்து அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் அன்னிக்கே சொன்னேன். கேட்டாளா? அந்தப் போட்டிக்குப் போய் முடிக்கவும் முடியாம திரும்பி வந்தா. அதோட விட்டாளா? ஓடி ஓடியே போய்ட்டா."

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குக் கார்டம்மாவைத் தெரியும். மீதிப் பேர் அவர் ஓடுவதைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அவரை ஓட்டம் கொல்லவில்லை. கொசு கொன்றது. தேங்கின தண்ணீரில் பிறந்த கொசுவை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வாசலில் கிடந்த ஷூவைத்தான் முறைத்துப் பார்த்தார்கள். அப்புறம், அவர் முடிக்கவில்லை என்பதும் பொய். நான் அங்கே இருந்தேன்.

அவர் பெயர் விசாலாட்சி. ரயில்வேயில் கூட்ஸ் வண்டிக்குக் கார்டாக இருந்தவர். கூட்ஸில் ஐம்பது வேகன் இருந்தால், அத்தனைக்கும் பின்னால் ஒரு சின்னக் கூண்டு மாதிரிப் பெட்டி இருக்கும். அதில் ஒற்றை ஆளாக, ஈரோட்டுக்கும் ஷொரணூருக்கும் போய் வந்துகொண்டிருந்த பெண்மணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஐம்பது வேகனை இழுத்துண்டு போறவளுக்கு இன்னொரு வேகன் எதுக்கு?" என்று அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். உத்தியோகத்தை முன்கூட்டியே விட்டுவிட்டு ஒரு நாள் என் தோப்புக்கு சைக்கிளில் வந்து இறங்கினார். நாலு வருஷம் ஆகிறது.

"கிணத்தில் நீந்தறதுக்குப் படிப்பிச்சுத் தருவேளா?" என்று கேட்டார்.

இந்தப் பக்கத்தில் யார் கிணற்றில் மோட்டார் மக்கர் செய்தாலும் முங்கி அடியில் ஃபுட்வால்வைக் கழற்றுகிறவன் நான். அதைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏனுங்கம்மா, கெணத்துல எறங்கறதுக்கு இதுவரைக்கும் ஆரும் எங்கிட்ட அனுமதி கேட்டதில்லீங்க. எறங்குனவிய மேல வந்து சொன்னதுமில்லீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நான் மேலே வருவேன். அதுக்குத்தான் உம்மைக் கேட்கறது" என்றார்.

அவர் மனசில் இருந்தது மூன்றும் சேர்ந்த பந்தயம். ட்ரையத்லான் என்று சொல்வார்கள். முதலில் நீச்சல், கரையேறிய ஈரத்தோடு சைக்கிள், இறங்கினதும் ஓட்டம். நடுவில் உட்காரக் கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் உட்கார்ந்தால் கடிகாரம் உட்காராது. அவர் போக நினைத்தது நீளமான வகை. இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். ஒன்பது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இடுக்கி மலையில், போடிமெட்டுப் பக்கம் நடக்கிற பந்தயம்.

நான் நீச்சல் சொல்லிக் கொடுக்க, அவர் சைக்கிளும் ஓட்டமும் சொல்லிக் கொடுப்பதென்று பேச்சு. "எனக்கெதுக்குங்க ஓட்டம், மாடா தொரத்துது?" என்றேன். "உன் வயிறு தொரத்தறது, திரும்பிப் பாரு" என்றார். நீரும் உம்மும் ஒரே வாரத்தில் நீயாகிவிட்டது. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, அது எனக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

கிணற்றுப் பாடம் மூன்று மாதம். லாரி டியூபைக் கட்டி இறக்கினோம். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை அரைக்கால் உடுப்போடு எங்கள் மாதிரிக் கவுண்டர் தோட்டத்துக் கிணற்றில் குதிக்கிறார் என்றால் ஊருக்கு வேறு வேலை ஓடுமா? என் மனைவி சரோஜா அந்தப் பேச்சுக்கு ஒரே நாளில் மருந்து போட்டாள். கிணற்று மேட்டில் கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எட்டிப் பார்க்க வந்தவர்களிடம், "வாங்க வாங்க, நீங்களும் எறங்குங்க, டியூப்பு இன்னொண்ணு இருக்குது" என்றாள். அதற்கப்புறம் ஒருத்தரும் வரவில்லை.

கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம் வந்தால் நாற்பது மீட்டர். ஐம்பது வட்டம் வந்தால் இரண்டு கிலோமீட்டர். வட்டத்துக்கு ஒரு வடுமாங்காயைச் சரோஜா மேட்டில் அடுக்கிக்கொண்டு வருவாள். ஒரு நாள் முப்பதைத் தாண்டிய நேரத்தில் எங்கள் வெள்ளாடு வந்து கணக்கைத் தின்றுவிட்டது. "எத்தனைன்னு நிச்சயமில்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றாள் சரோஜா. "அப்ப ஒண்ணுலேர்ந்து" என்று மறுபடியும் தொடங்கினார். நான் கரையிலிருந்து, "முப்பதுன்னு வெச்சுக்குங்க அக்கா, ஆடு சாட்சி சொல்லாது" என்றேன். அதற்குள் அவர் முங்கிவிட்டார். தலை தண்ணீருக்குள் இருந்தது. ஐம்பதும் புதிதாக நீந்தித்தான் ஏறினார்.

ஓட்டத்தில் என் கதை வேறு. நான் தொடங்கினால் குதிரை, அரை மணியில் கழுதை. கால்வாய்க் கரையில் முதல் நாள் அவரை விட்டுவிட்டுப் பறந்தேன். ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு மதகின் மேல் உட்கார்ந்து உயிரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் அதே நடையோட்டத்தில் வந்து, என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னார்: "எக்ஸ்பிரஸ் எல்லாம் முன்னாடி போகட்டும். கூட்ஸ் ஊர் சேராம இருந்ததில்லை."

கூட்ஸ் வண்டியை வழியில் ஒதுக்கி நிறுத்திவிட்டு எக்ஸ்பிரஸை முன்னே விடுவார்களாம். ஒரு வண்டி, இரண்டு வண்டி, சில நாள் ஏழெட்டு. அந்தக் கூண்டில் உட்கார்ந்து, போகிற விளக்கையெல்லாம் பார்த்துக்கொண்டே இருபத்தைந்து வருஷம் இருந்தவருக்கு யார் முந்தினாலும் மனசு அசையாது. அதுதான் அவர் பலம். என்னை ஒரு சைக்கிள்காரன் முந்தினால்கூட எனக்குக் கொல்லங்கோடே முந்திவிட்ட மாதிரி எரியும்.

என்னை அடக்க அவர் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். எனக்கு வாய் ஓயாது என்பது ஊரறிந்தது. அவர் அதையே மீட்டர் ஆக்கிவிட்டார். "நீ பேசிண்டே வா. உன் வாய் நின்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்." ஆயிரக்கணக்கில் விலை போட்டுக் கையில் கட்டுகிற கடிகாரங்கள் செய்கிற வேலையை என் வாய் செய்தது. மாங்காய் விலை, மச்சான் சண்டை, பக்கத்துத் தோட்டத்துக்காரன் வரப்பை நகர்த்தின கதை என்று நான் பேசிக்கொண்டே ஓட, என் பேச்சில் மூச்சு இடறினால் அவர் கையைத் தூக்குவார். இருவரும் குறைப்போம். கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷம். ஏழே முக்காலும் இல்லை, எட்டே காலும் இல்லை. "முதல் ஒரு மணிக்கூர் பார்க்கறவா சிரிக்கணும். அப்பத்தான் வேகம் செரி" என்பார். நிறையப் பேர் சிரித்தார்கள். வேகம் சரியாகவே இருந்தது.

சைக்கிளுக்குப் பொள்ளாச்சி ரோடு. கணவாய்க் காற்று எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் வரும்போது மேற்கே திரும்பினால் சைக்கிள் நகராது, நாம்தான் நகர்ந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். நான் பல்லைக் கடித்து மிதிப்பேன். "தங்கவேலு, காத்துக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது. அதோட எதுக்குப் பலப்பரீட்சை? கியரை இறக்கு" என்று பின்னாலிருந்து குரல் வரும். எப்போதும் பின்னாலிருந்துதான். முதுகில் ஒரு சிவப்பு விளக்கு மினுமினுக்கும்.

அந்த விளக்கைப் பற்றி ஒரு நாள் கேலி செய்தேன். "செவப்பு லைட்டு வெச்ச கவர்மென்ட்டு அம்பாஸடர் காராட்டம் இருக்குதுங்க." அன்றுதான் அவர் உத்தியோக ரகசியத்தைச் சொன்னார். ரயிலின் கடைசிப் பெட்டியில் ஒரு பலகை தொங்கும், விளக்கும் எரியும். வண்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது அங்கே நிற்பவர் இஞ்சினைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட மாட்டார். கடைசிப் பெட்டியின் பலகை தெரிகிறதா என்று பார்ப்பார். அது தெரிந்தால்தான் வண்டி முழுசாக வந்த கணக்கு, நடுவில் எதுவும் கழன்று நிற்கவில்லை என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் அடுத்த வண்டிக்கு வழி விட மாட்டார்கள். "இஞ்சின் வந்தா பாதி வண்டியாக்கும். நான் வந்தாத்தான் முழு வண்டி" என்றார். பெருமை அடிக்காத மனுஷி அன்று கொஞ்சம் அடித்தார். அடிக்கட்டும்.

போன வருஷம் போடிமெட்டுக்குப் போனோம். இனி நான் சொல்லப்போவது அவர் இருக்கும்வரை நான் யாரிடமும் சொல்லாதது. சரோஜாவுக்கும் பாதிதான் தெரியும்.

எஸ்டேட் அணைத் தண்ணீரில் காலை ஆறரைக்கு இறக்கிவிட்டார்கள். பனி மூட்டம், தண்ணீர் ஐஸ். எனக்குத் தண்ணீர் தாய்வீடு. கார்டம்மாவுக்கு இருபது நிமிஷம் முன்னால் கரையேறினேன். சைக்கிளை எடுத்தேன். அவர் கட்டளை என் காதிலேயே இருந்தது: முதல் மேட்டில் சிரிப்பு வாங்கு, இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் வாயில் ஏதாவது போடு. அவித்த நேந்திரம்பழத்தைத் துண்டு போட்டு உப்புத் தூவி ஆளுக்கு ஒரு பை வைத்திருந்தோம்.

பூப்பாறை தாண்டி ஏற்றம். அங்கே தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் ரோட்டோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள், "ஏ, இந்தா வாராரு பாரு ஒரு பெரியாளு! எளந்தாரிப் பயலுவ எல்லாம் தள்ளிக்கிட்டுப் போறானுவ, இவரு ஏறி மிதிக்காரு!" இன்னொருத்தி, "மாமாவுக்கு வீட்டுல நல்ல சாப்பாடு போல!"

என்ன செய்வேன் சொல்லுங்கள். எட்டு நிமிஷமாவது, சிரிப்பு வாங்குவதாவது. எழுந்து நின்று மிதித்தேன். வளைவு திரும்பி அவர்கள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் மிதித்தேன். மறைந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வளைவில் இன்னொரு வரிசை நின்றது.

பாதை அணைக்கும் போடிமெட்டுக்கும் இரண்டு தரம் போய் வர வேண்டும். இரண்டாம் தரமும் அதே பெண்கள், அதே நான். பையிலிருந்து பழம் எடுக்கக் கை இறக்கினால் வேகம் குறையுமே என்று தின்னவில்லை. பை எந்த வளைவில் கழன்று விழுந்தது என்றும் தெரியாது. போடிமெட்டுச் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு தொடையும் ஒரே நேரத்தில் கல்லாக இறுகின. சைக்கிளோடு சாய்ந்தேன். பனியில் கிடந்தேன். வாய் நின்றிருந்தது.

கார்டம்மா வந்தார். அதே மிதி, அதே முகம். என்னைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"தின்னியோ?"

"இல்லீங்க."

"பை எங்கே?"

"போச்சுங்க."

சைக்கிளை நிறுத்தவில்லை. என்னைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார், கிணற்றில் அடிப்பாரே, அந்த மாதிரி. "நான் நிக்க மாட்டேன், கேட்டியா? நின்னா எனக்கு நேரம் போயிடும்" என்றார். சொல்லிக்கொண்டே தன் இடுப்புப் பையை அவிழ்த்து என் மேல் போட்டார். "இதைத் தின்னு. ஜீப் வரும், ஏறிக்கோ." போய்விட்டார். சிவப்பு விளக்கு பனிக்குள் மறைந்தது.

நான் தின்றேன். அத்தனையும் தின்றேன். அது அவருடைய ஓட்டத்துக்கும் சேர்த்து வைத்திருந்த தீனி என்பது கடைசித் துண்டு வாயில் இருக்கும்போதுதான் உறைத்தது. அவர் போட்ட கணக்கு எட்டே முக்கால் மணி நேரம். கையில் மிச்சம் கால் மணி. அந்தக் கணக்கில் பட்டினிக்கு இடமே கிடையாது.

ஜீப்பில் என்னைக் கொண்டுவந்து முடிகிற இடத்தில் இறக்கினார்கள். சரோஜா அங்கேதான் இருந்தாள். "எங்கீங்க அக்கா?" என்றாள். "வருவாங்க" என்றேன். மூன்றரை ஆனது. ஒலிபெருக்கியில் நன்றி சொன்னார்கள். காற்று நிரப்பின வளைவை இறக்கினார்கள், அது பெருமூச்சு விட்டபடி படுத்தது. தரையில் விரித்திருந்த, நேரம் பதிகிற பாயைச் சுருட்டினார்கள். நான் போய், "இன்னொரு ஆள் வரணுமுங்க" என்றேன். பட்டியலைப் பார்த்துவிட்டு, நேரம் முடிந்ததே என்றார் ஒருவர். மரியாதையாகத்தான் சொன்னார்.

கால் ஒத்துழைத்த அளவில் ரோட்டில் எதிரே நடந்தேன். ஒரு கிலோமீட்டரில் அவரைக் கண்டேன். முகம் வெளுத்திருந்தது. அவர் பக்கத்திலேயே ஜீப் ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து ஒரு பையன் கெஞ்சிக்கொண்டிருந்தான். "சேச்சீ, டைம் கழிஞ்ஞு. இனி ஓடீட்டு காரியமில்லா. வண்டியில் கேறிக்கோ." நேரம் முடிந்தது, இனி ஓடிப் பயனில்லை, ஏறிக்கொள் என்கிறான். அவன் வேலை அது.

கார்டம்மா அவனுக்கு மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "மோனே, உன் கடிகாரம் நின்னது உன் காரியம். என் வண்டி இன்னும் ஸ்டேஷன் சேரலை. கடைசிப் பெட்டி வராம ஸ்டேஷனை மூடப்படாது. நீ வேணும்னா பின்னாடி வா, முன்னாடி போகாதே."

ஜீப் பின்னால் போனது.

நான் பக்கத்தில் நொண்டிக்கொண்டே போனேன். "அக்கா, பையை ஏனுங்க குடுத்தீங்க?" என்றேன். "பேசாதே. இன்னிக்கு ஒரு நாள் பேசாதே" என்றார். அன்றுதான் அவர் என்னை அப்படிச் சொன்னது. வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த அந்தக் கொழுந்துக்காரப் பெண்கள் ரோட்டில் அவரைப் பார்த்துவிட்டார்கள். "எக்கா, விட்டுராதீக! இந்தா இருக்கு, கண்ணுக்குத் தெரியுது!" என்று ஒருத்தி தூக்கு மூடியில் பால் விடாத கட்டஞ்சாயாவை நீட்டினாள். சர்க்கரை கொட்டின சாயா. ஓடிக்கொண்டே குடித்தார், பாதி நெஞ்சில் சிந்தியது. என்னை மாமா என்று கூப்பிட்டவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெண்கள் ஐந்தாறு பேர் கூடையோடு பின்னாலேயே ஓடி வந்தார்கள். நாலு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு, பாய் கிடந்த இடத்துச் சுவட்டை அவர் கால் மிதித்தது. சரோஜாவின் கைக்கடிகாரம் சாட்சி. மெடல் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ரிசல்ட் பட்டியலில் அவர் பெயருக்கு நேராக 'முடிக்கவில்லை' என்று இருக்கிறது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அன்று நான் அழுதேன். "என்னாலதானுங்க" என்றேன். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "உன்னாலேதான். அதில ஒண்ணும் சந்தேகமில்லை. வர்ற வருஷம் எழுந்து நின்னு மிதிக்காதே." கோபம் அவ்வளவுதான். திரும்பி வருகிற வழியெல்லாம் தூங்கினார்.

தன் அண்ணாவிடம் இதை அவர் சொல்லவில்லை. பையைக் கொடுத்த கதையைச் சொன்னால் என்னைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும் என்று விட்டிருப்பார். அதனால் 'முடிக்கவும் முடியாம வந்தா' என்ற பேச்சு அவர் தலையில் விழுந்தது. சாவு வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டு நான் ஒரு கால் கரடியோடு வாயை மூடி நின்றேன். பேச வேண்டிய ஒரே நாளில் பேசவில்லை.

முடிக்கவில்லை என்று எழுதியவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் பாயைச் சுருட்டினால் ரோடு சுருண்டுவிடாது. அந்த வயதில் எதற்கு என்றவர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரையும் கொசு கடிக்கும். எங்கள் குழுவை நிறுத்திவிடலாமா என்று கேட்டவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்குக் கால்வாய்க் கரை. நிறுத்தமாட்டோம். வலது காலையும் சிரைத்துவிட்டேன். வருகிற பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். சரோஜாவும் கிணற்றில் இறங்கிவிட்டாள், இப்போது மாங்காய் அடுக்குவது நான்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கேட்கவும் இல்லை. என்னிடம் இருப்பது அவருடைய வேகம். காலில் இறங்கிவிட்டது, இனி யாரும் வாங்கிக்கொள்ள முடியாது. யார் முந்தினாலும் எரியாத ஒரு மனசு, அதில் கால்வாசியாவது வந்திருக்கிறது. மீதிக்கு இன்னும் ஓட வேண்டும்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். கல்பாத்தியில் ஒரு ஹால், காலை ஒன்பது மணி. ஐந்தாம் வகுப்போடு நின்றவனை மைக்குக்கு முன்னால் கூப்பிட்டிருக்கிறார்கள், இதையெல்லாம் அண்ணா முன்னிலையில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வண்டியில் போவதில்லை, அவர் வேகத்தில் ஓடியே போவது என்றும் முடிவு செய்தேன். ஐந்தேகாலுக்குத் தோப்பிலிருந்து கிளம்பினேன். என் கணக்கில் தூரம் இருபத்தெட்டு கிலோமீட்டர். அது முப்பத்து நாலு. வழியில் மூன்று பேர் பைக்கில் ஏறச் சொன்னார்கள். ஏறவில்லை. மாங்காய் ஊறுகாயோடு பழையது தின்றுவிட்டு ஓடக் கூடாது என்பதும் வழியில் இரண்டு இடத்தில் தெரிந்தது.

பத்து பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணா மட்டும் படத்துக்குப் பக்கத்தில் இருந்தார். என் கோலத்தைப் பார்த்தார்.

"எங்கேர்ந்து வரே?"

"தோப்புலிருந்துங்க."

"பஸ் இல்லையா?"

"இருக்குதுங்க."

அவர் எழுந்து அடுக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உருவி என் முன்னால் போட்டார். "உக்காரு. என்னமோ சொல்லணும்னு வந்திருக்கே. சொல்லு" என்றார்.

உட்கார்ந்தேன். "உங்க தங்கச்சி முடிச்சாங்க" என்றேன். நாற்காலியின் பின்கால் இரண்டும் மடங்கின. மீதியைத் தரையிலிருந்து சொன்னேன்.